இருபது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அங்கன்வாடி வாசலிலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன.

எங்க ஊர்ப் பள்ளியில இப்ப மொத்தமே 23 பிள்ளைங்க. ஒரு காலத்துல நூறு பேர் படிச்சாங்க. பள்ளிக்கூடம் அவ்வளவு கெட்டுப்போச்சா?

எண்ணிக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஊரில் எத்தனை குழந்தைகள் பிறக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2020 கணக்குப்படி ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 14 பிறப்புகூட இல்லை. ஆயிரம் பேர் வாழும் ஊரில், ஐந்து வகுப்புக்கும் உரிய வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தாலே 65, 70 பேர்தான் தேறுவார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர், சென்னை என்று குடும்பத்தோடு போனவர்களைக் கழித்தால் 50. அதில் பாதிப் பேர் காலையில் தனியார் பள்ளி வேன் ஏறிவிட்டால் மிச்சம் 25.

அதனால் பள்ளியில் எத்தனை பேர் என்பதோடு, ஊரில் 5 முதல் 10 வயதுக்குள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஊரில் இருப்பதே 30 பிள்ளைகள், அதில் 23 பேர் இங்கே படிக்கிறார்கள் என்றால் அது ஊர் நம்புகிற பள்ளி. 70 பேரில் 23 என்றால், மற்ற 47 பேர் ஏன் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டே ஆக வேண்டும்.

எத்தனை வயசுல ஒண்ணாவதுல சேர்க்கணும்? ஜூன்ல இன்னும் அஞ்சு முடியலையே?

ஜூலை 31-ஆம் தேதிக்குள் 5 வயது நிரம்பினால் போதும். ஜூலை 20-இல் பிறந்தநாள் வரும் குழந்தையை ஜூனிலேயே சேர்க்கலாம். புதிய கல்விக் கொள்கையில் வரும் 6 வயதுக் கணக்கைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பின்பற்றுவதில்லை.

பெரிய வயதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையாக இருந்தாலும் தயங்க வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம், 2009 சொல்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்த் திரும்பும் குடும்பங்களுக்கு இது முக்கியம். எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்? ஆதார் எடுக்கல, சாதிச் சான்றும் இல்லை.

பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது. மருத்துவமனை அல்லது கிராமச் செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, எதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி, இவற்றில் ஒன்றை வயதுச் சான்றாக ஏற்க வேண்டும். ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. சாதிச் சான்றையும் வங்கிக் கணக்கையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, முன்னெழுத்து ஒன்றில் 'க', மற்றொன்றில் 'மு. க' என்று இருந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே திருத்திவிடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் பெயரும் பிறந்த தேதியும் 'எமிஸ்' என்ற கல்வித்துறையின் மாணவர் இணையப் பதிவுக்குப் போய், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்வரை தொடரும். தலைமை ஆசிரியர் பதிவேட்டில் எழுதும்போது பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

எல்.கே.ஜி. இல்லையே, அதனாலதான் வேன்ல அனுப்புறோம். அதுக்கு என்ன சொல்றீங்க?

சேர்க்கை குறைவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பள்ளி பிள்ளையை இழப்பது 5 வயதில் அல்ல, 3 வயதில். எல்.கே.ஜி.க்குப் போன பிள்ளை அங்கேயே ஒன்றாம் வகுப்புக்கும் போகிறது. 2019 சனவரியில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில்தான். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வரவில்லை.

அங்கன்வாடிப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் ஒன்றாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பாட்டு, கதை, படம் வரைதல் போதும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் முகம் தெரிந்துவிட்டால் பிள்ளை ஜூனில் அழாது, தாயும் தயங்க மாட்டார். அதே வளாகத்தில் அங்கன்வாடி இருந்தால் இதற்குச் செலவே இல்லை.

அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர். எப்படிப் பாடம் நடக்கும்?

2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' முறையை வைத்து நடக்கும். 1 முதல் 3 வரை ஓர் ஆசிரியரும் 4, 5 வகுப்புகளை மற்றவரும் பார்ப்பார்கள். கீழ் வகுப்புகளில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக அமர்வார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தகராறு என்றால் அரும்பில் உட்காரும், தேறியதும் மேலே நகரும். அரும்பில் உட்கார்ந்திருக்கிறது என்று வீட்டில் திட்டாதீர்கள். பிள்ளைக்கு எங்கே தடுக்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

இந்த முறை உடைவது ஒருவர் இல்லாத நாளில்தான். இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியரும். அவர் வட்டார வள மையத்துக்கோ கூட்டத்துக்கோ போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலோ மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டாலோ மாதக்கணக்கில் அப்படியே ஓடும். பெற்றோர் கவனிக்க வேண்டியது அதைத்தான். மாதத்தில் எத்தனை நாள் இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள் என்று மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.

பிள்ளைங்க குறைஞ்சா டீச்சரையும் எடுத்துடுவாங்களா?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இப்படி: 60 பிள்ளைகள்வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. ஆக 12 பேர் படித்தாலும் 58 பேர் படித்தாலும் பணியிடம் இரண்டு. 23 பேர் 19 ஆகிவிட்டால் ஆசிரியர் போய்விடுவார் என்ற பயம் தேவையில்லை.

எல்லையில் நிற்கும் பள்ளிகளுக்குத்தான் ஆபத்து. 63 பேர் இருந்த பள்ளி 59 ஆனால் மூன்றாம் ஆசிரியர் உபரி ஆவார், உபரி ஆசிரியர்களை இடம் மாற்றும் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். இந்தக் கணக்கை ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கிறார்கள். ஆகஸ்ட் 10-இல் ஆறு பேரைச் சேர்த்தாலும் அந்த ஆண்டுக் கணக்கில் அவர்கள் வர மாட்டார்கள். சேர்க்கை வேலை எல்லாம் ஜூலைக்குள் முடிய வேண்டும் என்பது இதனால்தான்.

பள்ளி நல்லா நடக்குதான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரேங்க் கார்டுல எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கு.

பிள்ளையையே வாசிக்க வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் நடத்தி முடித்த பக்கத்தைக் கொடுக்காதீர்கள். அதை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும், விரல் ஒரு வரியிலும் வாய் வேறு வரியிலும் ஓடும். இன்னும் நடத்தாத பாடத்தில் ஒரு பத்தியைக் காட்டுங்கள். அல்லது தெரிந்த பக்கத்திலேயே கடைசி வரியிலிருந்து மேலே, வலமிருந்து இடமாகச் சொற்களைத் தொட்டுக் கேளுங்கள். தேங்காய், கொய்யா, நெல்லிக்காய், பள்ளம், மழை என்று ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கொம்பும் காலும் சரியாக வந்து ள, ழ மட்டும் மாறினால் கவலை வேண்டாம், பழக்கத்தில் சரியாகும். 'கொ' எழுதும்போது கொம்பையோ காலையோ விட்டால் உயிர்மெய் இன்னும் படியவில்லை. அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கணக்கில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 52-இல் 27 கழிக்கச் சொல்லுங்கள். 25 வர வேண்டும். 35 என்று எழுதினால் பிள்ளை கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது ஏன் என்று புரியவில்லை. பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டினால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்புக்கு 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 102. நடுவில் உள்ள பூச்சியத்தை விட்டு 12 என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். இடமதிப்பு தளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அஞ்சாவதுல போன வருஷம் நூறு சதவீதம், இந்த வருஷம் 75 சதவீதம்னு சொல்றாங்க. தரம் இறங்கிடுச்சா?

வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு பேர் என்றால் நூறுக்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டு ஒரு மாதம் வராமல் இருந்திருக்கலாம், கண்ணாடி தேவைப்பட்டிருக்கலாம். சின்னப் பள்ளியில் சதவீதம் நம்மை ஏமாற்றும். ஒரு பிள்ளையால் ஏறும், ஒரு பிள்ளையால் இறங்கும்.

அதற்குப் பதில் பெயர்ப் பட்டியல் வையுங்கள். ஒரு தாளில் 23 பெயர், எதிரில் நான்கு கட்டம்: எழுத்து, சொல், பத்தி, கதை. ஜூலை, நவம்பர், மார்ச் என மூன்று முறை குறியுங்கள். ஜூலையில் 'சொல்'லில் இருந்த பிள்ளை மார்ச்சில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பள்ளி என்ன செய்தது என்பது தெரியும். மூன்று முறையும் அதே கட்டத்தில் நிற்கும் பெயர்களைத் தனியே எடுத்து, கண் பரிசோதனை, காது, வருகை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தத் தாள் ஆசிரியர் மேசையில் இருக்கட்டும், கூட்டத்தில் பெயர் சொல்லிப் படிக்க வேண்டாம்.

ஏதேதோ சர்வேயில தமிழ்நாடு கீழே இருக்குன்னு செய்தி வருதே?

எந்தக் கணக்கெடுப்பு என்று பார்க்க வேண்டும். 'அசர்' என்பது கிராமங்களில் வீட்டுக்கே போய், இரண்டாம் வகுப்பு அளவுப் பத்தியைப் பிள்ளை வாசிக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாம் வகுப்பில் அதை வாசிக்க முடிந்தவர்கள் இந்திய அளவில் 2018-இல் 27.3 சதவீதம், கொரோனாவுக்குப் பின் 2022-இல் 20.5, 2024-இல் மீண்டும் 27.1. நாடு முழுவதுமே மூன்றாம் வகுப்பு வாசிப்பு இந்த நிலையில்தான் இருக்கிறது, தமிழ்நாடு அதற்கும் கீழே என்பது உண்மையே. மறைத்துப் பயனில்லை. ஆனால் எந்தக் கணக்கெடுப்பும் உங்கள் ஊர்ப் பள்ளியின் 23 பேரைப் பற்றிப் பேசாது. அதற்கு மேலே சொன்ன பெயர்ப் பட்டியல்தான்.

ஃபெயில் போட மாட்டாங்க, அப்புறம் பிள்ளை எப்படிப் படிக்கும்?

எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதே தமிழ்நாட்டின் நிலை. 2019-இல் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அது சரியான முடிவு. பத்து வயதில் நிறுத்தினால் பிள்ளை வீட்டோடு நின்றுவிடும், அதிலும் பெண் குழந்தைகள். 'ஃபெயில்' என்ற சொல் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத் தராது. மூன்றாம் வகுப்பு முடியும் முன் வாசிப்பைப் பிடித்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

வேன்ல போற பள்ளியில ஃபீஸ் பாக்கி, டி.சி. தர மாட்டேங்கறாங்க. ஊர்ப் பள்ளியில சேர்த்துக்குவாங்களா?

சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கட்டண வசூலுக்கான கருவி அல்ல, அதைக் கேட்டு மாணவர் சேர்க்கையைத் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள்.

சிக்கல் எமிஸில் வரும். பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காதவரை புதிய பள்ளிப் பட்டியலில் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் புத்தகம், சீருடை, சத்துணவுக் கணக்கு எல்லாம் தள்ளிப்போகும், ஆகஸ்ட் 1 கணக்கிலும் விட்டுப்போகும். அதனால் சேர்க்கும் அன்றே, எந்தப் பள்ளியிலிருந்து எந்த வகுப்பிலிருந்து வருகிறது, டி.சி. எப்போது கேட்டீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர் அதை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிப் பெயரை விடுவிக்கக் கேட்பார். இரண்டு வாரத்தில் நகராவிட்டால் கல்வித்துறை உதவி எண் 14417-இல் பதிவு செய்யுங்கள்.

25 சதவீத இலவச சீட்டுல தனியார் பள்ளிக்குப் போனா நல்லதுதானே?

கல்வி உரிமைச் சட்டம் தரும் உங்கள் உரிமை, தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் இலவசம் எட்டாம் வகுப்போடு முடியும், ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம். வேன், சீருடை, விழா என்று முதல் ஆண்டிலேயே கேட்கும் செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஊர்ப் பள்ளியில் புத்தகம், நோட்டு, பை, காலணி, சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 4 செட் சீருடை என்று எதற்கும் காசு இல்லை.

காலை உணவையும் இதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, 15 கிராம் பருப்பு. விடியலில் களையெடுக்கப் போகும் தாய்க்கு அந்தத் தட்டு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

மருத்துவ சீட் 7.5 சதவீதம் கிடைக்கணும்னா ஒண்ணாவதுல இருந்தே அரசுப் பள்ளியா?

இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் படிப்புக்குத் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் 6-ஆம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. இலவச சீட்டில் எட்டுவரை தனியார் பள்ளியில் படித்து 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் 7.5 சதவீதத்தில் இடம் உண்டு. சேர்க்கைப் பேச்சில் சிலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். தவறான தகவலைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்த்தால் பிறகு பள்ளியின் பேச்சுக்கே மதிப்பிருக்காது.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கில் வருவது வேறொன்று. அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு வந்திருக்கிறது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஆங்கில வழி என்பது பெரும்பாலும் பதிவேட்டில் மட்டுமே. ஒரே அறை, ஒரே ஆசிரியர், விளக்கம் தமிழில். அப்படியிருக்க முன்னுரிமையை விட்டுக்கொடுத்து அந்தப் பெட்டியில் டிக் போட வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

எண்ணிக்கையைக் காட்ட, வேன்ல போற பிள்ளைங்க பேரையும் எழுதி வச்சா என்ன? ஊர்ப் பள்ளியைக் காப்பாத்தத்தானே?

வேண்டாம். எமிஸில் ஒரு பிள்ளை ஒரு பள்ளியில்தான் இருக்க முடியும், தினமும் வருகை செயலியில் ஏறுகிறது. பிடிபட்டால் நடவடிக்கை தலைமை ஆசிரியர் மேல்தான் பாயும். மேலே பார்த்தபடி 60 வரை இரண்டு பணியிடம் எப்படியும் உண்டு என்பதால், போலிப் பெயரால் சின்னப் பள்ளிக்கு எந்த லாபமும் இல்லை. வராத பிள்ளைகளால் வருகை சதவீதமும் கற்றல் கணக்கும் சரிந்து, நன்றாக நடக்கும் பள்ளியே மோசமாகத் தெரியும்.

உண்மையான வழி இது. சனவரியில் அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து ஜூலை 31-க்குள் 5 வயதாகும் பிள்ளைகளின் பெயரை எடுங்கள். சிற்றூரில் அது பத்துப் பன்னிரண்டு பெயர்தான். பிப்ரவரியில் அந்த வீடுகளுக்கு ஆசிரியரும், பிள்ளையை இங்கே படிக்க வைக்கும் ஒரு தாயும் சேர்ந்து போகட்டும். வெயில் தாழ்ந்த பிறகு போனால்தான் ஆள் இருப்பார்கள். துண்டறிக்கையைவிட, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளை வாசித்துக் காட்டுவது வேலை செய்யும். சமீப ஆண்டுகளில் சேர்க்கை மார்ச் 1-லேயே தொடங்கிவிடுகிறது, தனியார் பள்ளி முன்பணம் கேட்கும் முன் பதிவேட்டில் பெயர் ஏறட்டும்.

பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துட்டா அஞ்சு டீச்சர் கிடைப்பாங்களே?

கிடைக்கலாம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர், கூட விளையாட ஒத்த வயதுப் பிள்ளைகள் என்று நன்மை உண்டு. ஆனால் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆறு வயதுப் பிள்ளை நடந்தே போகும் வழியை அளந்து பாருங்கள். நெடுஞ்சாலையோ, ரயில் பாதையோ, மழைக்காலத்தில் ஓடும் வாய்க்காலோ குறுக்கே வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வராது. எங்கள் கருத்து: பத்துப் பேருக்கும் குறைவு, பக்கத்துப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், பெரிய சாலை கடக்க வேண்டியதில்லை என்றால் பேசலாம். மற்றபடி எதிர்த்துத் தீர்மானம் போடுங்கள். ஒரு பிள்ளைகூட இல்லாமல் பூட்டிய பள்ளியைத் திரும்பத் திறப்பது எளிதல்ல. 2019-இல் அப்படிப்பட்ட 46 பள்ளிகளை நூலகமாக மாற்ற முடிவெடுத்தார்கள்.

மேலாண்மைக் குழுவுல கையெழுத்துப் போடத்தான் கூப்பிடறாங்க. நாங்க என்ன கேட்கணும்?

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பெரும்பான்மை உங்களிடம்தான். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு ஆசிரியர்களும் இருந்த நாட்கள், வாசிப்புப் பட்டியலில் நகராமல் நிற்கும் பிள்ளைகள் எத்தனை, பள்ளி மானியத்தில் எவ்வளவு செலவு, இந்த மூன்றையும் கேளுங்கள்.

மானியக் கணக்கு தெரிந்திருக்கட்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. 10,000 ரூபாயில் கழிப்பறைக் குழாய், சுண்ணாம்பு, மின்விளக்கு, விளக்குமாறு, தரைத்துடைப்பான் போனால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கழிப்பறைத் தாழ்ப்பாளை முதலில் மாற்றுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தைகள் மதியத்துக்குப் பிறகு தலைவலி என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.